கறுப்பு கோட்டும் குமரி மாவட்டமும்: வக்கீல் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் வக்கீல் அலுவலகத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். வழக்கோடு வருகிறவர்கள் ஒரு வகை. மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு, சட்டம் படிக்க வைக்கலாமா என்று கேட்க வருகிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிவில் வழக்குகளில் பழகியவன் என்பதால் நிலம், பாகம் என்று வந்தால் பேச்சு கொஞ்சம் நீண்டுவிடும்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்க எங்கே போகிறார்கள்?

குமரி மாவட்டத்தில் அரசு சட்டக் கல்லூரி கிடையாது. பெரும்பாலோர் 1996-இல் தொடங்கிய திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்குத்தான் முதலில் முயல்கிறார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால் அங்கேயும் பலர் போகிறார்கள். அங்குள்ள அரசு சட்டக் கல்லூரி 1875-இல் தொடங்கியது. திருவிதாங்கூர் காலத்து வக்கீல்கள் பலர் அங்கே படித்தவர்கள்.

பிளஸ் டூவுக்குப் பிறகு என்றால் ஐந்தாண்டு, பட்டம் பெற்ற பிறகு என்றால் மூன்றாண்டு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும்தான். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு ‘கிளாட்’ என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தனியார் கல்லூரி என்றால், வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐந்து வருடம் படித்து முடித்த பிறகு பதிவுக்குப் போய் நின்று கையைப் பிசைவதில் பயனில்லை.

வக்கீலாகப் பதிவு செய்ய எவ்வளவு செலவாகும்? ஆளுக்கொரு தொகை சொல்கிறார்களே?

சட்டப்படி 750 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் மாநில பார் கவுன்சில்கள் நூலகக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், அடையாள அட்டை என்று பல பெயரில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. ஒடிசாவில் அது 42,100 ரூபாய் வரை போனது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: பதிவு செய்ய வருகிறவரிடம் சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. தீர்ப்புக்கு முன்பு கட்டியவர்களுக்குப் பணம் திரும்ப வராது என்றும் சொல்லிவிட்டது. ரப்பர் பால் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பத்துக்கு இந்தத் தீர்ப்பு பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

பதிவு முடிந்ததும் அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. முதல் தேர்வு 2011-இல் நடந்தது. அதை நடத்த பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கில், உண்டு என்று 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. நூறு கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவதுதானே என்று அலட்சியமாகப் போகிறவர்கள்தான் விழுகிறார்கள். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு எங்கே இருக்கும் என்று விரலுக்குத் தெரியாவிட்டால் புத்தகம் பாரம்.

ஜூனியராகச் சேர்ந்தால் சம்பளம் கிடைக்குமா?

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இதுதான். நேராகவே சொல்கிறேன்.

2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஜூனியர்களைச் சேர்த்துக்கொள்ளும் சீனியர்கள் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலிடம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரைத்தது. கவனியுங்கள், பரிந்துரைதான். தமிழ்நாடு அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில் தகுதியுள்ள இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்பது தனி.

நடைமுறை வேறு. குழித்துறையிலும் இரணியலிலும் உள்ள பல சீனியர்களுக்கே மாத வருமானம் நிலையாக இல்லை. அவர்கள் ஜூனியருக்குத் தருவது பஸ் செலவும் மதியச் சாப்பாடும், வழக்கு முடிந்தால் கொஞ்சம் பணமும். ஒரு ஜூனியரின் காலையைப் பாருங்கள். பத்து மணிக்குள் குமாஸ்தாவோடு சேர்ந்து அன்றைய வழக்குக் கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும். பத்தரைக்கு முன்சீப் கோர்ட்டில் வழக்குகளை வரிசையாக அழைப்பார்கள். சீனியர் சப் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இருந்தால் எழுந்து நின்று ‘பாஸ் ஓவர்’, அதாவது வழக்கைச் சற்றுப் பிறகு அழைக்கும்படி, கேட்க வேண்டும், அடுத்த வாய்தா தேதியைக் கட்டின் மேலட்டையிலும் டைரியிலும் குறிக்க வேண்டும். பிறகு நகல் மனு போட வேண்டும், வக்காலத்தில் வழக்கறிஞர் நலநிதி வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மதியத்துக்குள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சாயங்காலம் கட்சிக்காரர்கள் வருவார்கள். பிராது எழுத உட்காரும்போது இரவாகிவிடும். இவ்வளவையும் ஓர் இளைஞர் மூன்று வருடம் கைக்காசு போட்டுச் செய்ய வேண்டும் என்றால், வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்கள் மட்டும்தான் இந்தத் தொழிலில் தங்குவார்கள். பதிவுக் கட்டணத்தைக் குறைத்தாயிற்று; உள்ளே வந்தவர் நிலைத்து நிற்க வழி செய்யவில்லை. இன்று இந்தத் தொழிலின் முதல் பிரச்சினை இதுதான் என்பது என் கருத்து.

சேரும்போதே, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்டதற்காகக் கோபப்படும் சீனியரிடம் சேராமல் இருப்பதே நல்லது.

படிப்பை முடித்ததும் நேராக நீதிபதித் தேர்வு எழுதலாமா?

முன்பு எழுதலாம். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி பணிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கிடலாம், நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக வேலை பார்த்த காலமும் சேரும். பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்றளித்து, அதை நீதிமன்ற அதிகாரி ஒப்ப வேண்டும். கோர்ட் வாசலையே மிதிக்காதவர் மேடையில் உட்காரக் கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேலே சொன்ன ஜூனியர் சம்பளக் கதையோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் காத்திருக்க முடியாத பெண் பிள்ளைகள்தான் முதலில் விலகுவார்கள். 1937-இல் அன்னா சாண்டி என்ற பெண் வக்கீலை முன்சீபாக நியமித்தது இந்த மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர்தான். 1959-இல் அவர் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார்.

குமரியில் எங்கெங்கே நீதிமன்றங்கள் இருக்கின்றன?

மாவட்ட நீதிமன்றம் நாகர்கோவிலில். பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி ஆகிய இடங்களிலும் நீதிமன்றங்கள் உண்டு. மேல்முறையீட்டுக்குப் போகும் ஊர்தான் நமக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது: திருவிதாங்கூர் காலத்தில் திருவனந்தபுரம், 1949-இல் கொச்சியோடு இணைந்தபின் எர்ணாகுளம், 1956-க்குப் பிறகு சுமார் 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னை. 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறந்த பிறகுதான் காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்ப முடிகிறது. அதற்கு முன் ஒரு சிறு விவசாயி இரண்டாவது மேல்முறையீடு செய்வதென்றால் நிலத்தில் ஒரு துண்டை விற்க வேண்டியிருக்கும்.

இந்த மாவட்டத்து வக்கீல்களில் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார்?

ஒருவரைச் சொல்வதென்றால் ஏ. நேசமணி. 1895-இல் பள்ளியாடியில் பிறந்தவர், 1921-இல் நாகர்கோவிலில் தொழிலைத் தொடங்கியவர். அவரை எல்லை மீட்புத் தலைவராகவே எல்லோரும் அறிவார்கள்: திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசை நடத்தியவர், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்ததில் முன்னின்றவர், நாடாளுமன்றத்துக்குப் போனவர்.

வக்கீல்கள் நினைவில் வைத்திருப்பது வேறொரு நேசமணியை. அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. வந்த முதல் நாளே அவர் முக்காலியை உதைத்துத் தள்ளினார், எல்லோருக்கும் நாற்காலி வந்தது என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். ஒருநாளில் நடந்ததோ பல நாள் போராட்டத்தில் நடந்ததோ, சட்டப் பட்டம் வாங்கியவருக்கும் இருக்கையில் சாதி பார்த்த அறை அது. அதே ஊரில் பின்னாளில் அவர் வழக்கறிஞர் சங்கத் தலைவராகவும் இருந்தார். மார்த்தாண்டத்தில் உள்ள கல்லூரிக்கு அவர் பெயர். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அவர் என்ன தொழில் செய்தார் என்று கேட்டால், பலர் யோசிக்கிறார்கள்.

எங்கள் தாத்தா காலத்துச் சொத்துப் பிரமாணத்தைப் படிக்கக்கூட முடியவில்லை. எந்த வக்கீலிடம் போவது?

திருவிதாங்கூர் பத்திரம் படிக்கத் தெரிந்தவரிடம். திருவிதாங்கூர் நாணயமான சக்கரக் கணக்கில் முத்திரை விழுந்த அந்தப் பழுப்புத் தாளை விரித்தால் மடிப்பெல்லாம் பிரிந்திருக்கும். எழுத்து பெரும்பாலும் மலையாளம், தேதி கொல்லம் ஆண்டு. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடுவரை என்றால் 824. இந்த ஒரு வருட வித்தியாசத்தில் காலவரம்பு தப்பிப்போன வழக்கு உண்டு. இளம் வக்கீல்களுக்கு நான் சொல்வது: மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் உட்கார்ந்தால் போதும், ஆயுள் முழுக்கச் சோறு போடும்.

பத்திரத்தைப் படித்தால் மட்டும் போதாது. அன்று எந்த வாரிசுச் சட்டம் இருந்தது என்றும் தெரிய வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மகனுக்குப் பதில் சகோதரி மகன் சொத்துக்கு வரும் மருமக்கள்வழி முறை இருந்தது. கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம்தான் அதை மாற்றியது. அதற்கு முந்தைய பத்திரத்தில் சகோதரி மகன் கையெழுத்து இருந்தால் போலி என்று பதறாதீர்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா 1970-களில் உயில் எழுதாமல் இறந்தார். அண்ணன்கள், பெண்களுக்குப் பங்கு இல்லை என்கிறார்கள். சரியா?

சரியில்லை. அவர்கள் மனதில் இருப்பது 1916-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். அதன்படி மகளுக்குக் கிடைப்பது ஸ்திரீதனம் மட்டும்: மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இங்கே அமலுக்கு வந்தபோது இந்தப் பழைய சட்டம் ஒழிந்ததா இல்லையா என்பதில் குழப்பம் நீடித்தது. 1970-களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, ஒழிந்தது என்றார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு, இல்லை, பழையதே செல்லும் என்றது. அந்தக் கடைசித் தீர்ப்பை நம்பித்தான் நம் மாவட்டத்தில் எத்தனையோ பாகப்பத்திரங்கள் மகள்களை விட்டுவிட்டு எழுதப்பட்டன.

1986 பிப்ரவரி 24 அன்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சென்னைத் தீர்ப்பு தவறு என்று சொல்லிவிட்டது. 1951 ஏப்ரல் 1-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன், மகள் எல்லோருக்கும் சமமாக. மேரி ராயைக் கேரளத்துக் கதையாகவே இங்கே நினைக்கிறார்கள். தோற்றது குமரிக்கும் பொருந்திய சட்டம்.

ஆனால் பங்கு உண்டு என்பது வேறு, இன்று வாங்க முடியும் என்பது வேறு. இடையில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா, சொத்து வெளியாளுக்குக் கைமாறியதா, பழைய வழக்கில் இறுதித் தீர்ப்பு ஏதும் இருக்கிறதா, அண்ணன்கள் எத்தனை காலமாகத் தனி உரிமை கொண்டாடி அனுபவிக்கிறார்கள் என்பதெல்லாம் வரும். வில்லங்கச் சான்று எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு பழைய வக்கீல்களுக்கே சட்டம் தெரியவில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்), பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (நடைமுறைச் சட்டம்), பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) ஆகிய மூன்றும் நடப்பில் இருக்கின்றன. குற்றங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான், எண்கள் தலைகீழாகிவிட்டன. 302 என்றால் கொலை என்று பெட்டிக்கடை வரை தெரியும். இப்போது கொலை 103. புதிய 302, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 420-ஐத் தேடவே வேண்டாம், புதிய தண்டனைச் சட்டம் 358-லேயே முடிந்துவிடுகிறது. நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீன் 438-இலிருந்து 482 ஆனது. ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு புத்தகங்களையும் சுமக்க வேண்டும்.

நமக்குப் பயன்படும் ஒன்று: குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பாறசாலையில் அடி வாங்கியவர் களியக்காவிளையில் எழுதிக் கொடுக்கலாம், அங்கே பதிந்து கேரளத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பினால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள்.

வழக்குகளை இணையம் வழியாகத் தாக்கல் செய்யும் மின்தாக்கலை வக்கீல்கள் எதிர்ப்பது ஏன்? கட்சிக்காரருக்கு அது நல்லதுதானே?

நல்லதுதான், சாதனம் சரியாக இருந்தால். மேலே சொன்ன பழுப்புப் பத்திரத்தை ஸ்கேன் செய்து பாருங்கள். மடிப்பில் ஒரு வரி போய்விடும், அந்த வரியில்தான் எல்லை எழுதியிருக்கும். இணையம் விழுந்த அன்று காலவரம்பும் முடிந்தால் யார் பொறுப்பு? வயதான வக்கீல்கள் கணினி மையத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து வேலையை முடிக்கிறார்கள். அந்தச் செலவு கடைசியில் உங்கள் தலையில். எதிர்ப்பில் சோம்பலும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. கட்சிக்காரர்களுக்கு ஒரு யோசனை: வக்கீலிடம் உங்கள் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்று, போன முறை என்ன நடந்தது என்பது காசில்லாமல் தெரியும்.

ஆங்கிலம் சரளமாக வராது. வக்கீலாக முடியுமா?

கீழமை நீதிமன்றத்தில் தாராளமாக. சாட்சியம் தமிழில், வாதம் தமிழில், தீர்ப்புகளும் தமிழில் வருகின்றன. மதுரைக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் ஆகவில்லை.

அடிக்கடி நீதிமன்றப் புறக்கணிப்பு. என் வழக்கு என்ன ஆகும்?

தள்ளிப்போகும். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனாலும் நடக்கிறது. புறக்கணிப்பைத் தடைசெய்யும் பிரிவோடு 2025 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவு, எதிர்ப்பு கிளம்பியதும் பத்தே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அந்த வரைவில் எதிர்க்க வேண்டியவை இருந்தன. ஆனால் சிறையில் ஜாமீனுக்குக் காத்திருப்பவனின் மனைவி கோர்ட் வாசலில் நின்று திரும்பிப் போவதற்கு எங்களிடம் சொல்லத்தக்க பதில் இல்லை.

என் வக்கீல் சரியாக நடத்தவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் மாற்றலாம். வக்காலத்தை மாற்ற முந்தைய வக்கீலின் ஒப்புதல் வாங்குவது வழக்கம். தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். கட்டணம் பாக்கி என்று சொல்லி உங்கள் பத்திரங்களைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. 2000-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கிடைக்கும் சொத்தில் இத்தனை சதவீதம் என்று பேசி வழக்கை எடுப்பதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு. நடத்தைக் கேடு என்றால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின் கீழ் பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். எச்சரிக்கை முதல் பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 2024 மே 14 அன்று அந்தக் கதவு மூடிவிட்டது. கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். வழக்குத் தோற்றது மட்டுமே புகாருக்குக் காரணமாகாது.

இணையத்தில் ‘முதல் தர வக்கீல்’ என்று நட்சத்திரக் குறியோடு வரும் பட்டியலைப் பார்த்துப் போகிறவர்களும் உண்டு. வக்கீல் விளம்பரம் செய்வதே விதிக்கு விரோதம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய இணையதளங்கள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

வக்கீல் வைக்கவே வசதி இல்லை.

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது கடலில் ஆளைப் பறிகொடுத்த கடற்கரைக் குடும்பங்கள் இரண்டு மூன்று காரணங்களில் தகுதி பெற்றவர்கள். பலர் இது தெரியாமல் இடைத்தரகரிடம் காசு கொடுத்தார்கள். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பாரா என்று கேட்பார்கள். காசு வாங்குபவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சரியில்லை என்றால் ஆணைக்குழுவிடம் எழுதிக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன் வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது ஆதார், குடும்ப அட்டை, வழக்குத் தாள்களின் நகல் எடுத்துப் போங்கள். மூல ஆவணம் வீட்டிலேயே இருக்கட்டும்.